வெர்னா எழுதாத மூன்று புள்ளி

— வெளிய வாடா பார்னி. பியர் பீப்பாய்க்குப் பின்னால உன் தொப்பை தெரியுது.

— நான் இங்க இல்ல வெர்னா. செத்துப்போயிட்டேன்னு சொல்லிடுங்க. மலர்வளையம் எல்லாம் வேண்டாம். கிளப்பு இறைச்சி லாட்டரியில என் சீட்டு விழுந்தா மட்டும் கறியை என் பொண்டாட்டிகிட்ட குடுத்துடுங்க.

— மேயர் தலையிலேருந்து இப்பத்தான் உன் பேனரை எடுத்தாங்க. காதெல்லாம் க்ரீம்.

— கேக்கு மேல விழுந்துதுன்னுல்ல நெனச்சேன்.

— முதல்ல கேக்கு, அப்புறம் மேயர். ஆறடிக்கு மனோவா படம், பல்லெல்லாம் தெரிய சிரிச்சிக்கிட்டு. ‘இவ்வாண்டின் சிறந்த வீரர்’னு பட்டையா எழுதி வேற. கடைசிக் கார்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே எவனாவது கயித்தை இழுப்பானா?

— ரெண்டு புள்ளி முன்னாடி இருந்தான் வெர்னா! பதினேழு ரக்பி ஆட்டத்துக்கு ஜட்ஜுங்க போட்ட புள்ளியை எண்ணியாச்சு. மனோவா முப்பத்தொண்ணு, ரிவர்சைடு டீம் ட்ராய் இருபத்தொம்போது. பாக்கி கடைசி ஆட்டத்து ஜட்ஜோட ஒரே ஒரு கார்டு, முதல் இடத்துக்கு மூணு புள்ளி. அந்த ஆட்டத்துல மனோவா மூணு ட்ரை போட்டான். மூணு தடவை கோட்டைத் தாண்டிப் பந்தை ஊனினவனுக்கு, கண்ணை மூடிக்கிட்டு எழுதினாக்கூட முதல் இடம் விழும். மைக் வேற என் கையில இருந்துது. மைக் கையில வந்தா நான் மனுஷனே இல்ல, உங்களுக்குத் தெரியும்.

— மைக் இல்லாதப்பவும் அப்படித்தான்.

— அப்புறம் கார்டைப் பிரிச்சாங்க. ட்ராய்க்கு மூணு. எவனோ ஒருத்தனுக்கு ரெண்டு. இன்னொருத்தனுக்கு ஒண்ணு. மனோவாவுக்கு முட்டை. கீழ கையெழுத்து, வெர்னா பாஸ்கோ. முப்பது வருஷமா கேன்டீன்ல எனக்கு சாஸேஜ் ரொட்டி விக்கிற அதே வெர்னா.

— ஜட்ஜு யாருன்னு சீசன் முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. அதான் சட்டம்.

— சாஸ் அதிகமா ஊத்தச் சொல்லிப் பல்லைக் காட்டியிருப்பேனே, முன்னாடியே தெரிஞ்சிருந்தா.

— அதுக்குத்தான் சொல்றதில்ல.

— அவன் அம்மாவைப் பாத்தீங்களா? கடல் தாண்டி லபாசாவிலேருந்து மூணு ப்ளேன் மாறி வந்திருக்காங்க. மகன் பேரைக் கேட்டதும் எந்திரிச்சுத் துதிப்பாட்டு பாட ஆரம்பிச்சிட்டாங்க. மூணாவது அடி பாடறப்போ ட்ராய் பேரை வாசிக்கிறாங்க.

— பாத்தேன்.

— நிறுத்தல வெர்னா. பாட்டை முழுசா பாடி முடிச்சுட்டுத்தான் உக்காந்தாங்க. அதான் எனக்குத் தாங்கல. அதான் பீப்பாய்க்குப் பின்னால வந்துட்டேன்.

— சரி, இந்தா. முகத்தைத் துடை.

— மணி என்ன?

— ரெண்டு இருபது.

— அப்போ நாப்பது நிமிஷம் இருக்கு. கேளுங்க. மூணு மணிக்குள்ள ஜட்ஜு போய், ஜெர்சி நம்பர் குழம்பிப்போச்சு, ஆள் மாத்தி எழுதிட்டேன்னு சொன்னா கார்டைத் திருத்தலாம். சட்டத்துல இருக்கு, நான் படிச்சிருக்கேன். வயசாயிடுச்சு, கண்ணாடி எடுத்துட்டுப் போகலைன்னு சொல்லுங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.

— என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. எழுதினது எழுதினதுதான்.

— நாலாவது மேசையில உருளைக்கிழங்கு சாலட் தின்னுட்டு ஒருத்தர் இருக்காரே, பெரிய கிளப்புக்கு ஆள் தேடி வந்த பிரிஸ்பேன்காரர். சிறந்த வீரர் மெடலோட வந்தா பயிற்சி அணியில சேத்துக்கறேன்னு எங்கிட்ட வாயால சொன்னாரு. மெடல் இல்லைன்னா திரும்பியும் பாக்க மாட்டாரு. மனோவாவுக்கு இறைச்சி ஆலையில வேலை பாக்கற விசா அடுத்த மாசத்தோட முடியுது. அப்புறம் ஊருக்குப் போய் என்ன பண்ணுவான்? இந்தப் பையனை ஊர் உலகத்துக்குக் காட்ட ஒரு வருஷம் நாயா அலைஞ்சேன். வாராவாரம் வீடியோ. ‘லபாசா சூறாவளி’ன்னு பேர் வச்சது யாரு? நான்.

— அந்தப் பேர் அவனுக்குப் பிடிக்கல, தெரியுமா? சூறாவளியிலதான் அவங்க வீடு போச்சு.

— ...எங்கிட்ட சொல்லவே இல்லையே.

— நீ கேட்டியா?

— கேட்டேன். பேர் எப்படிடான்னு கேட்டேன். ‘சூப்பர் அங்கிள்’னான்.

— அவன் எதுக்குத்தான் சூப்பர்னு சொல்லல?

— வெர்னா, ஒரே ஒரு விஷயம் நேரா சொல்லுங்க. ஏன்? மூணு ட்ரை. அதுல ரெண்டு, தலையில அடி வாங்கின பிறகு. கோல் கம்பத்துல மோதி விழுந்தவன் எந்திரிச்சு வந்து ரெண்டு போட்டான். அந்த வீடியோவை மட்டும் நாப்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க. மெல்லிசா பியானோ கூடப் போட்டிருந்தேன். என் பொண்டாட்டியே அழுதா, அவ என் வேலையைப் பாத்து அழுதது அதுதான் முதல் தடவை. சந்தோஷமா, அதாவது. அதுக்கு முட்டையா?

— அவன் விழுந்தப்போ நீ எங்க இருந்த?

— கேமராவோட இருந்தேன்.

— கேமராவை யாரு பக்கம் திருப்பியிருந்த?

— பிரிஸ்பேன்காரர் முகத்தை எடுத்துக்கிட்டு இருந்தேன். அவர் எந்திரிச்சுக் கைதட்டற மாதிரி ஒரு வீடியோ துண்டு கிடைச்சா நல்லாருக்குமேன்னு. அதுக்கென்ன?

— அப்புறம் உங்க டீம் முதலுதவிக்கார லெஸ் தண்ணி பாட்டிலோட ஓடினான். மனோவாவை ஓரமா உக்கார வச்சு அஞ்சு கேள்வி கேட்டான். தலையில அடிபட்டவன் அஞ்சுக்கும் சரியா பதில் சொன்னாத்தான் திரும்ப உள்ள போகலாம். ஒண்ணு தப்பினாலும் அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது.

— சொன்னான்ல? அஞ்சும் சொன்னான்.

— நான் எதிர்ப்பக்கம் உக்காந்திருந்தேன் பார்னி. மடியில கார்டு, கையில பேனா. லெஸ் ஒவ்வொரு கேள்வியும் கேக்கக் கேக்க, மனோவாவுக்குப் பின்னால ஒருத்தன் குனிஞ்சு நின்னான். கழுத்துல கேமரா. அவன் வாய் முதல்ல அசைஞ்சுது. மனோவா வாய் அப்புறம் அசைஞ்சுது. அஞ்சு தடவையும்.

— அவ்வளவு தூரத்துலேருந்தா பாத்தீங்க?

— என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்ல.

— தைரியம் சொன்னேன் வெர்னா. முதுகுல தட்டிக் குடுத்தேன். பையன் மெரண்டு போயிருந்தான். பிரிஸ்பேன்காரர் அப்பத்தான் கடிகாரத்தைப் பாத்தாரு, கிளம்பிடுவாரோன்னு...

— தைரியம் சொன்னியா?

— அவனுக்கே தெரியும், நான் சும்மா எடுத்துக் குடுத்தேன். அவ்வளவுதான். அதான் ரெண்டு போட்டானே! மூளை கலங்கினவன் எப்படி அப்படி ஓடுவான்?

— ஓடறதுக்கு ஞாபகம் வேணாம். கால் தானா ஓடும். இடைவேளையில அவன் தண்ணி குடிக்க எதிரணி ஆளுங்ககிட்ட போய் நின்னான். எல்லாரும் சிரிச்சாங்க, நல்லா குறும்பு பண்றான்னு. நீயும் சிரிச்ச.

— அப்படின்னா நீங்க ஏன் சும்மா இருந்தீங்க? எந்திரிச்சு வந்து கத்தியிருக்கலாமே!

— கத்தியிருக்கலாம். ஜட்ஜு தன்னைக் காட்டிக்கக் கூடாதுன்னு உக்காந்திருந்தேன். சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், போதுமா? மூணு வாரமா சரியா தூங்கல. எங்கிட்ட இருந்தது ஒரு பேனா. அதை வச்சு ஒண்ணே ஒண்ணு பண்ண முடிஞ்சுது, எழுதாம இருக்க. உன் சூறாவளிக்கு அந்த ஆட்டத்துக்கு நான் பரிசு குடுக்க மாட்டேன்.

— வெர்னா... அது முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. இப்போ நல்லா இருக்கான். வந்து பாருங்க, சிரிச்சிக்கிட்டு இருக்கான். நான் பண்ணதுக்கு என் காதைத் திருகுங்க, அவன் வாழ்க்கையைக் கெடுக்காதீங்க.

— சரி. ஒரு பேரம். அவனைக் கூப்பிடு. அதே அஞ்சு கேள்வியை நான் கேக்கறேன், அந்த ஆட்டத்தைப் பத்தி. அஞ்சும் சரியா சொல்லட்டும், என் கண்ணு கெட்டுப்போச்சுன்னு நானே போய் எழுதிக் குடுக்கறேன். நீ வாயைத் திறக்கக் கூடாது.

— அவ்வளவுதானா? அடப் போங்க, நீங்க தேவதை! மனோவா! டேய் மனோவா! இங்க வாடா!

— அங்கிள், இங்கயா இருக்கீங்க? உங்க பேனரைக் கழுவிக் காயப் போட்டேன். க்ரீம் போயிடுச்சு. மூக்கு மட்டும் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு.

— பேனர் கெடக்குது. எப்படிடா இருக்க?

— சூப்பர் அங்கிள்.

— பாத்தீங்களா வெர்னா?

— அந்தப் பக்கம் போய் நில்லு பார்னி. சுவரைப் பாத்து. மனோவா, உக்காரு கண்ணு. கண்ணை ஏன் சுருக்கற?

— இந்த லைட்டு ஆன்ட்டி. ஒண்ணும் இல்ல.

— கடைசி ஆட்டம், நீ அடிபட்ட ஆட்டம். எந்த மைதானத்துல நடந்துது?

— மில் மைதானம்.

— நீ விழுந்தது எந்தப் பாதியில?

— முதல் பாதி.

— அதுக்கு முந்தின வாரம் யார்கூட ஆடினீங்க?

— போர்ட் டீம்.

— ஜெயிச்சீங்களா?

— தோத்துட்டோம்.

— நாலும் சரி! வெர்னா, பேனாவை எடுங்க, நாலும் சரி! என் தங்கம்டா நீ!

— வாயை மூடுன்னேன்ல. இன்னும் ஒண்ணு பாக்கி. நீ அடிபட்டு விழறதுக்கு முன்னாடி, கடைசியா ட்ரை போட்டது யாரு?

— கென்னி.

— இன்னொரு தடவை சொல்லு கண்ணு.

— என்ன ஆன்ட்டி? கென்னிதானே?

— பார்னி, நீ திரும்பலாம்.

— கென்னியா?

— ஆமா அங்கிள். கென்னி.

— மனோவா... அது நீடா. அந்த ட்ரை போடறப்போதான் கம்பத்துல மோதின. பந்து உன் கையிலதான் இருந்துது.

— அப்படியா? ஆனா கென்னின்னுதானே...

— கென்னின்னு நான் சொன்னேன். நான் அப்போ பாக்கல. பிரிஸ்பேன்காரர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். போட்டது யாருன்னு அப்போ எனக்கே தெரியாது, வாயில வந்த பேரைச் சொன்னேன். லெஸ்ஸும் கட்டுத்துணி சுத்திக்கிட்டு இருந்தான், அவனும் கவனிக்கல.

— பரவால்ல அங்கிள். சூப்பர்.

— சூப்பர்னு சொல்லாத. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், அந்த வார்த்தையைச் சொல்லாத. அந்த நாப்பதாயிரம் பேரை விடு, பிரிஸ்பேன்காரரை விடு. நான் மட்டும் கேக்கறேன். மைக் இல்ல, கேமரா இல்ல. உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?

— கோவிச்சுக்க மாட்டீங்களே?

— மாட்டேன்டா.

— அந்த ஆட்டம் இல்ல அங்கிள். நீங்க என் காதுல சொன்ன அஞ்சு பதில் மட்டும் இருக்கு. ஆலை டாக்டர் கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன், பிரிஸ்பேன்காரர் கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன், எல்லாரும் சரின்னாங்க. இன்னிக்குக் காலைல அம்மா சாப்பிட்டியான்னு கேட்டாங்க, ரொம்ப நேரம் யோசிச்சேன். அதுக்கு என்ன சொல்லணும்னு நீங்க சொல்லித் தரலையே அங்கிள்.