நாலாம் வாளியில் எழுத்து தெரியவில்லை

என் பெயர் ஸ்டெபின், வயது 21, தகப்பனார் பெயர் ரெக்சன், வீரபாண்டியன்பட்டினம், கோவில் தெரு. அப்பா கப்பலில் இருக்கிறார். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். இன்று காலையிலிருந்து ஸ்டேஷனில் இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். இந்த முறை எழுதிக்கொள்வதாக ஏட்டையா சுந்தர்சிங் சொன்னதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் டிரோன் ஓட்டுவேன். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, எல்லாம் யூடியூபில் பார்த்துப் பழகியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு மீட்புக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். வெள்ளம் வந்தால் டிரோனை விட்டு மனிதர்களைத் தேடுகிற வேலை. சொந்த டிரோனோடு போய்த் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் கப்பல் ஏற வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்தத் தேர்வு முழுவதும் வாளிகள்தான். வரிசையாகக் கம்பு நட்டு அதன் மேல் வாளிகளை வைப்பார்கள். ஒவ்வொரு வாளிக்குள்ளும் அடியில் ஒரு கறுப்பு வளையமும் நடுவில் ஒரு எழுத்தும் இருக்கும். டிரோன் நேர் மேலே ஆடாமல் நின்றால்தான் வளையம் முழுசாகத் தெரியும். ஓட்டுகிறவன் நின்ற இடத்தை விட்டு அசையாமல், திரையைப் பார்த்தே எழுத்தைச் சொல்ல வேண்டும். எந்த நாட்டில் வைத்தாலும் இதே தேர்வுதான். இதைச் சொல்லும்போது அதிகம் பேசாதே என்று ஏட்டையா சொன்னார். நிறுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்பு விளையாமல் கிடக்கிற பாத்தி ஒன்றில் பழகிக்கொள்ளக் கங்காணி வேல்ராஜ் அண்ணாச்சியிடம் கேட்டேன், சம்மதித்தார். பழைய பெயிண்டு வாளிகளுக்கு உள்ளே வெள்ளை அடித்துக் கம்பில் ஆணியால் அறைந்தேன். அவை இரவும் பகலும் அங்கேயே இருக்கும். எழுத்துகளை ஒட்டியது என் கூட்டாளி ஜாய்சன். எதில் எது என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதால் நான் வாளிப் பக்கமே போவதில்லை.

சென்ற சனிக்கிழமை வரை எல்லாம் சரியாக வந்தது. அதன் பிறகு நாலாம் வாளியில் மட்டும் வளையமும் இல்லை, எழுத்தும் இல்லை. வெறும் வெள்ளை. ஜாய்சன் குடைக்குக் கீழே உட்கார்ந்து நேரம் பார்த்தபடியே, "நாலு, முட்டை. அந்த வாளிக்கும் ஒனக்கும் என்னல பகை?" என்றான். நான், "பக்கத்துப் பாத்தி உப்பு வெளிச்சம் ஏறுதுல. கேமராவத்தான் மாத்தணும்" என்றேன். கை சரியில்லையோ என்றும் பயம் வந்தது. வெயிலில் திரும்பத் திரும்பப் பறக்கவிட்டு, இருந்த பேட்டரி எல்லாவற்றையும் தீர்த்தேன். விரல் மரத்துப்போனது. எழுத்து வரவில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை அந்த வெள்ளை வாளியைப் படம் எடுத்து, இணையத்தில் டிரோன்காரர்கள் குழுவில் போட்டு, எழுத்து ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். யார் யாரோ கேமராவுக்கு என்னென்னவோ சொன்னார்கள், எல்லாம் செய்து பார்த்தேன். ஒருவர் மட்டும், எழுந்து போய் வாளிக்குள் பார் என்று போட்டிருந்தார். கிண்டல் செய்கிறார் என்று அவரை பிளாக் செய்துவிட்டேன்.

அதன் பிறகு நேற்று மாலை இன்ஸ்பெக்டர் அய்யாவும் காவலர்களும் ஜீப்பில் வந்து, துப்புக் கிடைத்ததாகச் சொல்லி, நேரே நாலாம் வாளிக்குள் கையை விட்டு, வெள்ளை உப்புச் சாக்கில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார்கள். உள்ளே மாத்திரை அட்டைகள் இருந்தன. இலங்கைக்குப் போகிற சரக்கு என்றார்கள். "இத்தன நாளும் இங்கனயே நிக்க, உள்ள என்ன கெடக்குன்னு எட்டிப் பாக்கலயோ?" என்று அய்யா கேட்டார். "பாத்தா காப்பி அடிச்ச மாதிரி ஆயிரும் சார்" என்றேன். காவலர்கள் சிரித்தார்கள். டிரோனைப் பையில் திணித்தபோது ஒரு இறக்கை ஒடிந்தது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, மாற்று இறக்கை வைத்திருக்கிறேன்.

இன்று மத்தியானம் டிரோனில் பதிவான வீடியோக்களை ஏட்டையா என்னையும் வைத்துக்கொண்டு பார்த்தார். எல்லாம் வாளியின் அடிதான். கொஞ்ச நேரத்தில் அவரே, "ஒண்ணு, ம. ரெண்டு, ட" என்று சொல்ல ஆரம்பித்தார். சனிக்கிழமைக்குப் பிந்தையவற்றில் நாலு வந்ததும், "ஒண்ணுந் தெரியலியேடே" என்றார். அதன் பிறகு நான் குழுவில் போட்ட படத்தைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் அய்யா அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஏட்டையாவிடம், "சரக்கப் பதுக்குனவன் அதையே படம் புடிச்சு ஊருக்கெல்லாம் போட்டு, இது ஏன் தெரியலன்னு கேப்பானாவே?" என்றார். அதன் பிறகுதான் எனக்கு நாற்காலி போட்டார்கள்.

பொட்டலத்தை வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. டிரோன் ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்குமா என்று கேட்டேன். "அது கோர்ட்டுக்குல்லா போவுது தம்பி" என்றார் ஏட்டையா.

கடைசியாக நாலாம் வாளியை மேசை மேல் வைத்து, என்னுடையதா என்று அடையாளம் காட்டச் சொன்னார்கள். எட்டிப் பார்த்தேன். வளையம் முழுசாகத் தெரிந்தது. பழக்கத்தில், "நாலு, ஞ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். என்னுடையதுதான்.

எழுதியதை ஏட்டையா வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்) ரெ. ஸ்டெபின்