கடைசிக் கவளம்

அன்று காலை மீன் வறுத்தது நான்தான். உப்பு சற்றுக் கூடிவிட்டது. ஆற்று ட்ரவுட் மீனுக்கு அவ்வளவு உப்பு தேவையில்லை, ஐயா. ஆனாலும் என் கணவனின் அண்ணன் கிரிகோரே தட்டை வழித்துத் தின்றார், என் பங்கையும் சேர்த்து. எங்களுக்குள் அன்று சண்டை எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நாங்கள் நால்வர். கிரிகோரே, என் கணவன் லிவியு, அவர்களுடைய கூட்டாளி பாம்ஃபில், நான். ஒரு வாரமாக மலைக்குள் மீன்பிடித்தோம், வேட்டையாடினோம். அன்று கடைசி நாள். மாலையில் ஊர் திரும்புவதாக ஏற்பாடு.

முந்தைய நாள் என் முதல் பன்றியைச் சுட்டிருந்தேன். ஒரே குண்டில் விழுந்தது. ஊசியிலைக் கொத்து ஒன்றை ஒடித்து அதன் வாயில் வைத்தேன். இரைக்குக் கடைசிக் கவளம். கொன்றவர்தான் வைக்க வேண்டும். வேறு கை பட்டால் இரைக்கு அவமரியாதை. அதன்பின் புது வேட்டைக்காரருக்கு ஞானஸ்நானம். செத்த பன்றிமேல் குப்புறப் படுக்க வேண்டும், வேட்டைத் தலைவர் பிரம்பால் மூன்று அடி கொடுப்பார். எங்களுக்குத் தலைவர் கிரிகோரே. சிரித்துக்கொண்டே வாங்குகிற அடிதான். நானும் சிரித்துக்கொண்டுதான் படுத்தேன்.

"மொத அடி காட்டுக்கு. ரெண்டாவது வேட்டைக்காரங்களுக்கு. மூணாவது நம்ம வேட்டைப் புனிதர் எவுஸ்தாத்தியேவுக்கு."

எழப் போனேன். கிரிகோரேயின் பூட்ஸ் என் முதுகில் அழுந்தியது.

"இன்ஜினியரம்மாவுக்கு அவசரத்தப் பாரு. பட்டத்துக்கு ஒண்ணு பாக்கி இருக்குல்ல?"

நான்காவது அடியில் தோல் கிழிந்தது.

"மரவெட்டி மக பன்னி மேல படுத்தா எது பன்னின்னே தெரியலயேப்பா," என்றார் பாம்ஃபில். லிவியுதான் அதிகம் சிரித்தான்.

என் அப்பா மரம் வெட்டித்தான் என்னை வனவியல் இன்ஜினியருக்குப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

கூடாரத்துக்கு வந்ததும் லிவியுவிடம் சொன்னேன். "உங்க அண்ணன் கால வச்சு அமுக்கினாரு."

"வெளையாட்டுடி. எல்லாத்தையும் பெருசு பண்ணாத."

சரி என்றேன்.

மறுநாள் மீன் தின்று முடித்ததும் கிரிகோரே ஊதுகொம்பை என் கழுத்தில் மாட்டினார். "அடி வாங்கினவதான் சொமக்கணும். இவ ஊதற வரைக்கும் எவனும் நின்ன எடத்த விட்டு அசையக் கூடாது. பக்கத்துல எவன் செத்தாலும் சரி."

நல்ல விதி. புதரில் அசைவதையெல்லாம் பன்றி என்று சுட்டுவிடுவார்கள். அந்த விதியை நான் எப்போதும் மதித்திருக்கிறேன்.

லிவியுவும் பாம்ஃபிலும் மேட்டில் நின்றார்கள். கிரிகோரே கீழே பள்ளத்தில். நாய்களோடு புதருக்குள் போய்ப் பன்றியைக் கலைத்துவிடுவது என் வேலை. ஒரு கிழட்டு ஆண்பன்றி என் முன்னால் பக்கவாட்டில் நின்றது. இதயம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னங்காலில் சுட்டேன். அது வெறி பிடித்துப் பள்ளத்தை நோக்கி இறங்கியது. அந்தச் சரிவில் அதற்கு வேறு வழி கிடையாது.

கிரிகோரே சுட்டது தவறிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அது அவரைத் தொடையில் குத்திப் புரட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து கோரைப்பல்லை வயிற்றுக்குள் விட்டு உதறியது. குடல் வெளியே வந்தது. நான் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டேன். நடுவில் சுட்டால் அவர்மேல் பட்டுவிடும். அது முடித்துவிட்டுப் புதருக்குள் நொண்டிப் போனது.

தொடையிலிருந்து ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது. எந்த இடத்தில் அழுத்தினால் நிற்கும் என்று வனத்துறைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். குளிராகவும் இருந்தது.

"ஊதுடி. அவனுகளக் கூப்புடு."

"பன்னி இன்னும் சாகல, மாமா. ஊதினா எறங்கி வந்துருவாங்க. விதி நீங்க போட்டதுதானே."

மேலேயிருந்து லிவியு கத்தினான். "அண்ணே, என்னாச்சு? வரட்டுமா?"

"அடிபட்ட பன்னி சுத்துது. யாரும் அசையாதீங்க," என்று பதில் கொடுத்தேன். அதில் பொய் இல்லை.

கிரிகோரே அழுதார். "உசுரு போகுதுடி, பாவி."

"எல்லாத்தையும் பெருசு பண்ணாதீங்க, மாமா."

குப்புறப் புரண்டு தவழ்ந்து போகப் பார்த்தார். அசைந்தால் ரத்தம் கூடும் என்பதால் முதுகில் என் பூட்ஸ் காலை வைத்து நிறுத்தினேன். அதிக நேரம் வைக்க வேண்டியிருக்கவில்லை.

அடங்கியதும் கொம்பை ஊதினேன். இருவரும் விதிப்படி இறங்கி வந்தார்கள். லிவியு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

பன்றி கொன்றது என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் அவர்மேல் கைகூட வைக்கவில்லை. கோபம் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆனால் அவர் வாயில் இருந்த ஊசியிலைக் கொத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். லிவியு வைத்தானா, பாம்ஃபில் வைத்தாரா என்கிறீர்கள். அதை நானே ஒடித்தேன், பசுமையாகப் பார்த்து. அவர்கள் எப்படி வைக்க முடியும்? அந்த உரிமை அவர்களுக்கு இல்லையே.