நீலத் துணியும் அண்ணியின் முன்பல்லும்

என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! முன்வரிசையில் முத்துப்பற்கள் மின்ன வீற்றிருக்கும் பெரியோர்களே! அந்த முத்துக்களில் பாதி நாங்கள் செய்தவை என்று வெளியே சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். பிள்ளைகளைப் பல் தேய்க்க வைக்கப் பாடாய்ப் படும் தாய்மார்களே! செயற்கைப் பல் செய்யும் என் சங்கத்துச் சொந்தங்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கண்ணால் காண்பதும் பொய் என்றார்கள் முன்னோர். பல் செய்கிற எனக்கு அதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. கண் பொய் சொல்வதில்லை. அக்கம்பக்கத்தாரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறது, அவ்வளவுதான்!

என் அண்ணி கைப்பந்துப் பயிற்சியாளர். அவர் சிரித்தால் மைதானத்தின் மறுகோடியில் நிற்பவளும் திரும்பிப் பார்ப்பாள். தோற்றுத் துவண்ட அணியும் துள்ளி எழும். ஒருநாள் வேகமாய் வந்த பந்து வாயில் பட்டு முன்பல் போயிற்று. பல்லோடு சிரிப்பும் போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டே பேசினார். ஆட்டத்தில் ஜெயித்தாலும் தலையை மட்டும் ஆட்டினார். "கோச்சுக்கு நம்ம மேல என்ன கோவம்டி?" என்று அந்தப் பெண்கள் குமைந்தார்கள்.

அவருக்கு நான் பல் செய்யாமல் வேறு யார் செய்வது? பல் மருத்துவர், நிறம் பார்க்கத் தாம் வைத்திருக்கும் மாதிரிப் பற்களில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பினார். அச்சு அசலாய் அதே வெண்மையில் செய்தேன். பொருத்தினார்கள். ஐயோ! வரிசையில் ஒரு பல்லுக்கு மட்டும் டியூப்லைட் போட்டதுபோல இருந்தது! மறுபடி தேர்ந்தார், மறுபடி செய்தேன், மறுபடியும் டியூப்லைட்!

"உன் கைமேல எனக்குச் சந்தேகமே இல்ல தங்கச்சி. யாரோ ஒருத்தர் கண்ணுதான் சரியில்ல" என்றான் என் அண்ணன். அது கூடப் பரவாயில்லை. "எனக்குப் பல்லே வேணாம், விடும்மா" என்றார் அண்ணி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவரையும் இழுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போனேன், சண்டை போடத்தான்! அண்ணி நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறார். மார்பில் பளிச்சென்று ஒரு நீலத் துணி. மருத்துவர் ஒரு மாதிரிப் பல்லை அதன்மேல் பிடித்து, "இது மஞ்சளா இருக்கு, வேண்டாம்" என்றார். வெடுக்கென்று வாங்கி என் சாம்பல் நிற மேலங்கியில் வைத்தேன். "இதுல எங்க, மேடம், மஞ்சள்? வெள்ளையாத்தானே இருக்கு!" அவர் பிடுங்கி நீலத்தில் வைத்தார். "நல்லாப் பாருங்கம்மா, மஞ்சள்!" மஞ்சள்! வெள்ளை! மஞ்சள்! வெள்ளை!

பந்து அங்கும் இங்கும் பறப்பதைப் பார்த்தே பழகியவர் அண்ணி. சட்டென்று எழுந்து அந்தத் துணியை உருவி எறிந்தார். "அட, என் மேல இருந்தா மஞ்சள், அவ மேல போனா வெள்ளை! பல்லு ஒண்ணுதானே? துணியை மாத்துங்க ரெண்டு பேரும்!"

சபையோரே, நீலத்தின் பக்கத்தில் இருந்தால் வெள்ளையும் சற்று மஞ்சளாய்த் தெரியும். அதனால்தான் மருத்துவர் மேலும் மேலும் வெள்ளையைத் தேடினார். வாய்க்குள் போனதும் நீலம் இல்லை. என் வேலை பல்லை இளித்தது! அன்று சாம்பல் துணி விரித்தோம். மாதிரியை அண்ணியின் பல்லுக்குப் பக்கத்திலேயே பிடித்துப் பார்த்தோம். இருவரும் ஒரே குரலில், "இதுதான்!" என்றோம்.

என்ன ஐயா, பின்வரிசையில்? "அப்போ என் மனைவி மாநிறமா தெரியறதுக்கும் திரைச்சீலைதான் காரணமா?" என்கிறீர்களா? வீட்டுக்குப் போய் அவர்களிடமே கேளுங்கள், பல் ஏதும் போனால் எங்கள் சங்கம் இருக்கிறது!

ஒரு சின்னப் பல்லைக்கூடச் சுற்றியிருப்பதை விட்டுத் தனியாகப் பார்க்கத் தெரியாத கண் இது. இதை வைத்துக்கொண்டா ஒரு மனிதரை மங்கல் என்கிறோம்? மட்டம் என்கிறோம்? ஒருமுறை, ஒரே ஒருமுறை, துணியை மாற்றிப் பார்த்தோமா?

அண்ணி, அந்த மூன்றாவது வரிசையில் ஒளிந்தது போதும், எழுந்து நில்லுங்கள்! சிரியுங்கள்! சபையோரே, நான் செய்த பல் எது, சொல்லுங்கள் பார்ப்போம். என்னம்மா, இடப்பக்கத்துப் பல்லா? உறுதியாகவா? தாயே, அது அவருடைய சொந்தப் பல்!

கேட்கிறதா அந்தச் சிரிப்பு? இனி இந்த ஒலிபெருக்கிக்கு வேலை இல்லை. பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும், துணியை மாற்றிய அந்த மருத்துவருக்கும் நன்றி கூறி, வாய்நிறையச் சிரித்து வணங்கி அமர்கிறேன்.