ஏழு பத்து வண்டி

வேண்டாம் வக்கீல் சாரே, கோர்ட்டுக்குள்ள பத்திரத்துல அந்த அஞ்சாம் பத்திய இனியும் ஒருக்கா வாசிக்காண்டாம். எனக்கு வயசு எழுபத்தொண்ணு ஆச்சே தவிர காது நல்லாத்தான் இருக்கு. பொழுதுபோக்கு. அதானே எழுதியிருக்கிய? ரெத்தினதாஸ் ஆகிய நானும் வேற நாலு பேரும் வெறும் பொழுதுபோக்குக்காக நடத்துற வெப்சைட்டு, அதில உள்ள பஸ் நேரத்த நம்பி ஆரும் வீட்டவிட்டு எறங்கப்பிடாது, எறங்கினா அவங்கவங்க பாடு. இதுக்குக் கீழ நான் ஒப்புப் போடணும். போடமாட்டேன்.

நீங்க சிரியாண்டாம். நான் கோவத்திலயாக்கும் பேசுதேன். கோவப்பட்டுப் பழக்கம் இல்ல, அதான் உங்களுக்கு அது தெரியல்ல. சபைக் கமிட்டியில பதினாறு வருசம் இருந்தேன், ஒரு கூட்டத்திலயும் வாய் தொறந்ததில்ல. கடைசி பெஞ்சு, சுவரோரம். இன்னைக்குப் பேசுத பேச்சு அந்தப் பதினாறு வருசத்துக்கும் சேர்த்துன்னு வச்சுக்கிடுங்க.

நிஜின உள்ள கூப்பிடாண்டாம். அவன் வெளிய ஸ்கூட்டர்லயே இருக்கட்டும். கேஸு அவன் பேரிலன்னு எனக்குத் தெரியாதா? சைட்டு அவன் பேரில பதிஞ்சு கெடக்கு, அதுனால வண்டி கிட்டாமப்போன பிந்து மூணு லெச்சம் நஷ்டஈடு அவன்கிட்ட கேக்குதா. மொபைல் ரிப்பேரு பாத்து ஜீவிக்குத பயல். அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம். அவனக் காப்பாத்தணும்னுதான் நீங்களும் எழுதுனிய. அதில எனக்குக் கோவம் இல்ல.

சட்டமும் மனசிலாச்சு. கன்ஸ்யூமர் கோர்ட்டுல கேஸு நிக்கணும்னா இது வியாபாரம்னு ஆகணும். வியாபாரம் இல்லேன்னா தள்ளுபடி ஆகும். அவளுக்க வக்கீலு வியாபாரம்னு சொல்லுதாரு, நீங்க பொழுதுபோக்குன்னு சொல்லுதிய. எட்டு வருசமா ஸ்டாப்புல நின்னவன் நான். எனக்க வேலைக்குப் பேரு போடுதது நீங்க ரெண்டு பேரும். கொள்ளாம், நல்லாருக்கு.

வியாபாரமா? எட்டு வருசத்தில ஒரு டியூஷன் சென்டர்காரரு மூணு மாசம் விளம்பரம் போட்டாரு. ரெண்டாயிரத்து நானூறு. அந்த வருசத்து சைட்டு வாடகைக்கே அது தெகயல்ல. மிச்சத்த நாங்க அஞ்சு பேரும் பங்குவச்சுக் கெட்டினோம். இத வியாபாரம்னு சொன்னா சந்தையில மரச்சீனிக் கெழங்கு விக்குத பொம்பளையளு காறித் துப்புவாங்க. கடைன்னா கெட்டுப்போன சாதனத்தத் திருப்பி எடுக்கணும். போன வண்டிய நான் எங்கேருந்து திருப்பி எடுத்துக் குடுக்க?

செரி, வியாபாரம் இல்ல. அதுக்காக பொழுதுபோக்கா? பொழுதுபோக்குன்னா சீட்டு வெளையாடுதது, ஆத்துல தூண்டி போடுதது. மழ வந்தா எழும்பி வீட்டுக்குப் போலாம். நான் மழ வந்தா குட எடுத்துட்டு ஸ்டாப்புக்குப் போறவனாக்கும். மழ நேரத்துல எந்த வண்டி எத்தன நிமிஷம் பிந்துதுன்னு பாக்கணும்லா. காரக்கோணம் ஆஸ்பத்திரியில டூட்டி மாறுத நர்சுப் பிள்ளையளு அதப் பாத்துட்டுத்தான் சோறு கெட்டுது. செங்கல் கோயிலுக்குத் தொழப் போறவங்க பாக்குது. ஒரு நாளைக்கு ஆயிரத்து எரநூறு பேருன்னு நிஜின் கணக்கு எடுத்துக் காட்டினான். அத்தன பேரு ஒருத்தன நம்பி வீட்ட விட்டு எறங்குது. அவன்கிட்ட வந்து, நீ வெறுதே வெளையாடுனன்னு எழுதிக் குடுன்னா, சவத்த, கோவம் வராதா சாரே?

வெள்ளம் வேண்டாம். பைய குடிச்சுக்கிடுதேன். நீங்க கேளுங்க.

நான் எட்டாங்கிளாஸு. களியக்காவிளையில தடி மில்லுல முப்பத்திநாலு வருசம் பலகை எண்ணினேன். எண்ணினத மறுபடி எண்ணாம லாரிய விட்டதில்ல. ஒரு பலகை கொறவுன்னு ஒருத்தனும் திரும்பி வந்ததும் இல்ல. அதே பழக்கம்தான் இங்கயும். ஒரு வண்டிய ஒரு நேரத்துக்கு மூணு தடவ கண்ணால காணணும். மொதல் தடவைக்கு நோட்டுல ஒரு புள்ளி, ரெண்டாவதுக்கு ஒரு புள்ளி, மூணும் ஆன பொறவுதான் பேனாவால எழுதுவேன். அதப் பாத்து நிஜின் ஏத்துவான். மத்த மூணு பேரும் அவங்கவங்க ஊர்ல அதே மொறைதான். கண்டக்டர்மாரு ஃபோன் பண்ணி நேரம் சொன்னாலும் நான் எடுக்கமாட்டேன். அண்ணன் எங்கள நம்பமாட்டாருன்னு கேலி பண்ணுவானுவ. பண்ணட்டும்.

லேசான வேலன்னு நெனச்சிராதீங்க. இங்க ஓடுத வண்டியில பாதி கேரளா, பாதி தமிழ்நாடு. ஓணத்துக்கு இந்தப் பக்கம், கேரளத்துல, லீவு, அந்தப் பக்கத்து வண்டி ஓடும். அந்தப் பக்கம் லீவுன்னா அங்க காலேஜு இல்ல, காலேஜுப் பிள்ளையளுக்காக விட்ட வண்டி இங்க வராது. இந்தப் பக்கம் ஹர்த்தால்னா எல்லையிலயே ஆள எறக்கிட்டுத் திரும்பும். ரெண்டு கவர்மென்டும் ஒரே நாள் லீவு விட்டா எது வரும் எது வராதுன்னு தெய்வத்துக்கே நிச்சயம் கெடையாது. அந்த லீவு அட்டவண வேற எங்கயும் இல்ல சாரே. நம்ம சைட்டுல மட்டும்தான்.

பின்ன எப்பிடித் தப்பு வந்துதுன்னு இப்பக் கேக்குதிய. நான் வந்து ரெண்டு மணிக்கூறு ஆச்சு. வியாபாரமா இல்லையான்னு பத்துத் தடவ கேட்டிய. இத இப்பதான் கேக்குதிய.

சொல்லுதேன்.

அந்த லீவு அட்டவணையில நாப்பத்திரெண்டு கட்டம். நாப்பத்தொண்ணும் ரொம்பியாச்சு. ஒண்ணு மட்டும் காலி. திருவள்ளுவர் தினம். அந்தப் பக்கம் லீவு, இந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் ஆபீஸும் எல்லாம் உண்டு. நம்ம உள்வழியா நெய்யாற்றின்கரைக்குப் போற ஏழு பத்து தமிழ்நாட்டு வண்டி அன்னைக்கு ஓடுமா ஓடாதா? வருசத்துக்கு ஒரு நாள்தான் பாக்கமுடியும். மூணு புள்ளிக்கு மூணு வருசம் வேணும். இந்த அட்டவண போடத் தொடங்கின மொத வருசம் எனக்குப் பனிக் காய்ச்சல், எழும்பமுடியல்ல. ரெண்டாவது வருசம் அக்கா மருமவனுக்க அடக்கம். ஒரு புள்ளிகூட இல்ல. நிஜினும் அவசரப்படுத்தல்ல, காலியாக் கெடக்கட்டும் மாமான்னுதான் சொன்னான். எனக்குத்தான் பொறுக்கல்ல. அட்டவணையத் தொறக்கும்பளெல்லாம் அந்த ஒரு கட்டம்தான் கண்ணுல படும். நாப்பத்தொண்ணு ரொப்புன மனுசன இந்த ஒண்ணு கேலி பண்ணுத மாதிரி. பொங்கலுக்கு அந்த வண்டி ஓடினத மூணு வருசம் கண்டிருக்கேன். பொங்கலுக்கு ஓடுத வண்டி மறுநாளும் ஓடத்தானே செய்யும்னு நெனச்சேன். வீட்டுல இருந்துகிட்டே எழுதினேன். ஓடும்னு. பேனாவால.

ஆமா, நானாக்கும். நிஜினுக்கு இதுவரைக்கும் தெரியாது. மூணு புள்ளி உண்டுன்னு நெனச்சுத்தான் ஏத்தினான்.

பிந்துவுக்கு அன்னைக்கு சர்க்கார் வேலைக்கான பரீட்ச. முப்பத்தொம்பது வயசு. இனி எழுத வயசு சம்மதிக்காது. அதுதான் கடைசி. ஏழு மணிக்கே ஸ்டாப்புல வந்து நின்னிருக்கா. ஏழு முப்பது வரைக்கும் பாத்துட்டு ஜங்ஷனுக்கு நடந்து, அங்க ஒரு ஆட்டோ புடிச்சுப் போயிருக்கா. பரீட்ச எழுதுத எடத்துல கேட்டு சாத்தி நாலு நிமிஷம் ஆச்சு. வாச்சுமேன் கைய விரிச்சுட்டான்.

இல்ல சாரே, அட்டவணையப் பாத்து மட்டும் அவ போகல்ல. அது உங்களுக்குத் தெரியாது.

அவ எங்க சபைக்காரியாக்கும். அதுக்கு முந்தின ஞாயிறு ஆராதன முடிஞ்சு நான் செருப்பத் தேடிட்டு நிக்கும்ப பக்கத்துல வந்தா. மாமா, அந்த ஏழு பத்து அன்னைக்கு உண்டுன்னு போட்டிருக்கே, நீங்க கண்ணால கண்டதான்னு கேட்டா. எனக்க நோட்டும் புள்ளியும் அவளுக்குத் தெரியும், அதான் அப்பிடிக் கேட்டா. சுத்தி ஆளு நிக்குது. கமிட்டிக்காரரு நிக்காரு. ரெத்தினதாஸ் எழுதினா எழுதினதுதான்னு ஒருத்தரு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, சந்தோசமா.

கண்டேன் மோளேன்னு சொன்னேன்.

எழுதுங்க சாரே. பேனாவ ஏன் கீழ வச்சிய? நிஜின் தோத்துப்போவான்னா, என்னையும் பிரதிவாதியாச் சேக்கச் சொல்லுங்க. தப்பு பண்ணினவன் பேரு இல்லாம ஒரு கேஸா? எனக்கு வீடு உண்டு, அஞ்சு சென்டு உண்டு. வியாபாரமா பொழுதுபோக்கான்னு பொறவு நீங்களும் அந்த வக்கீலும் எத்தன நாளு வேணும்னாலும் அடிச்சுக்கிடுங்க. அவ கேட்டது அது இல்ல. கண்டதான்னு கேட்டா.

அவளுக்க மனு பதினோரு பக்கம். நாலு தடவ வாசிச்சேன், வரி வரியா வெரல வச்சு. செருப்பிடுத எடத்துல வச்சு எங்கிட்டக் கேட்டத அவ எழுதல்ல. மாமான்னு ஒரு சொல்லு இல்ல. எனக்க பேரே இல்ல.

நேத்து ஞாயிறும் பாத்தேன். ஸ்தோத்திரம் மாமான்னு சொல்லிட்டுத்தான் போனா.