மூடியில் வெட்டிய பேர்

"மூடியைத் தொறந்ததாலதான்க்கா பேஜாராப் பூடுச்சு!"

தாம்பரத்தில் ரயில் கிளம்பியதுமே எதிர் சீட்டுப் பெண் இப்படி ஆரம்பித்தாள். வேலைக்குப் போகும் அம்மாக்களின் ஐந்து குழந்தைகளைத் தன் வீட்டில் பார்த்துக்கொள்கிறாள் என்பது போகப்போகப் புரிந்தது.

"மூடியை இன்னாத்துக்குத் தொறந்தே?" என்றார் அவள் பக்கத்திலிருந்த அக்கா.

"காலைல அம்மாக்காரிங்க டப்பால கட்டிக் குடுத்த சோறுக்கா. மூடியோட இட்லிப் பானைல வெச்சா ஓரம்தான் சுடும், நடுவுல சுடவே சுடாது. போன வருஷம் ஒரு கொயந்தைக்கு வயித்தால போனதுலேந்து எனக்கு பயம். நாலு டப்பாவையும் தொறந்து, நடுவுல ஆவி பறக்கறவரைக்கும் வெச்சேன். எறக்கி ஆறவெச்சுட்டுப் பார்த்தா, பேரெல்லாம் மூடிலதான் வெட்டிக் கீது! நாலும் ஒரே மாதிரி எவர்சில்வர், நாலுலயும் பருப்பு சோறு!"

"ஐயய்யோ! மாத்திக் குடுத்தா அம்மாக்காரிங்க வுடுவாளுங்களா?"

"அதான், வரிசையா வெச்சு கொயந்தைங்களை வுட்டேன். நம்பவே மாட்டக்கா! ஒவ்வொண்ணும் மோந்து மோந்து பார்த்துட்டு, தன் அம்மா சோத்துகிட்டப் போய் ஒக்காந்துகிச்சு!"

பல்லாவரம் வந்தது. இறங்கிய அக்கா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டப்பா நாலுதானே? புள்ளைங்க அஞ்சாச்சே!"

ரயில் நகர்ந்தது. இவள் கத்தினாள்: "சின்னவனுக்கு வூட்லேந்து வராதுக்கா, நான்தான் ஆக்கிப் போடறேன். அவன் ஒரு டப்பாவையும் பார்க்கல. நேரா வந்து என் முந்தானையை மோந்துட்டு மடில ஏறிக்கினான்!"