பாரம்

அந்த வயிற்றுப்புண் மாத்திரையை நீங்கள் சாப்பிட்ட பிறகு போடுகிறீர்கள், ஐயா. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் அது கேட்கும். இருபத்திரண்டு வருடம் மருந்துக்கடையில் நின்றவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் அவள் குட்டி. அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. நான்தான் தலை வாரிவிட்டு, படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்து, மாப்பிள்ளையோடு என் வீட்டு மாடியிலேயே குடிவைத்தேன். எனக்கென்று ஒன்றும் பார்த்துக்கொள்ளவில்லை. குறையாகச் சொல்லவில்லை, சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் சபையில் 'பாரம்' என்று ஒரு வார்த்தை உண்டு. ஒருவருக்காக மனம் கனத்து, முழங்காலில் நின்று அழுது ஜெபித்தால், அவர் மேல் பாரம் வந்திருக்கிறது என்போம். அடுத்தவர் வலியைத் தன் வலியாகச் சுமப்பதுதான் உண்மையான அன்பு என்பார் போதகர். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் பிடித்துக்கொண்டேன்.

முப்பத்தொரு வயதில் குட்டிக்கு இருதயக் கோளாறு வந்தது. படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் என் கையை விடவில்லை. "ஜெபம் பண்ணுக்கா" என்பாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுவோம். அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்குமே இருந்ததில்லை.

பிறகு மருந்து கேட்டது, எழுந்து நடமாடினாள். ஆராதனைக்குத் தாமதமாக வந்தாள், அப்புறம் வரவேயில்லை. மாடியில் அவளும் மாப்பிள்ளையும் சிரிக்கிற சத்தம் கீழே வரைக்கும் கேட்கும். மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். வேறு ஊரில் நல்ல வேலை, போகப்போகிறோம் என்றார்கள். அன்றைக்கு முழங்காலில் நின்றேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வலி இருந்தால்தானே சுமக்கலாம்?

அவளுடைய மாத்திரைப் பெட்டியில் ஏழு நாளுக்கு ஏழு அறை. சனிக்கிழமைதோறும் நான்தான் நிரப்புவேன். இருதய மாத்திரை வெள்ளையாக, வட்டமாக, நடுவில் கோட்டோடு இருக்கும். பார்க்க அதே மாதிரி ஒரு சத்து மாத்திரையும் எங்கள் கடையில் உண்டு. அவளுக்குக் கெடுதலான எதையும் நான் கொடுக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டு முறை படுத்தாள். இரண்டு முறையும் பழைய மாத்திரையைத் திரும்ப வைத்து நானே எழுப்பிவிட்டேன். மனசாட்சி இல்லாதவள் அப்படிச் செய்வாளா? இரண்டாம் முறை தேறி உட்கார்ந்தபோது தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு உடம்பு நல்லானா உனக்குச் சந்தோஷம்தானே?"

"என்னடி கேள்வி இது? தலையை ஆட்டாம இரு."

அந்தக் கேள்விதான் இன்னும் என்னை அறுக்கிறது. இத்தனை செய்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

மூன்றாம் முறை திரும்ப வைத்த மாத்திரை கேட்கவில்லை. என் கையைப் பிடித்தபடியே போனாள். அடக்க ஆராதனையில் நான் சாட்சி சொன்னேன், சபையே அழுதது. மறுநாள் மாப்பிள்ளை அவளுடைய மருந்துச் சீட்டைத் தேடி என் அலமாரியைத் திறந்தவர், பிஸ்கட் டப்பாவையும் திறந்துவிட்டார். உள்ளே தொண்ணூற்று நான்கு மாத்திரைகள் இருந்தன. தேவன் கொடுத்த மருந்தைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றையும் தாளில் மடித்துத் தேதி போட்டிருந்தேன், அன்றைக்கு அவளுக்காக எவ்வளவு நேரம் ஜெபித்தேன் என்பதையும் எழுதியிருந்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்.

உங்கள் முகம் வெளுத்திருக்கிறதே, ஐயா. வயிறு வலிக்கிறதா? நேற்றிலிருந்து எனக்கு உங்கள் மேல் பாரமாக இருக்கிறது.