செத்தவன் குடித்த டீ

முதலியார்பேட்டையில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் கையில் நான் எழுதிய செவ்வாய் கிரக நாவல். மாதம் நான்கு நாவல் எழுதுகிறவன் நான். பெருமையோடு காதைக் கொடுத்தேன்.

"ஹீரோ மூணாம் அத்தியாயத்துலயே செத்துட்டான்க்கா. ஒம்போதுல வந்து டீ குடிக்கிறான்."

"குளோனிங்கா இருக்கும்டி. கடைசியில சொல்லுவாரு."

"முடிச்சிட்டேன், சொல்லல. எழுதுன ஆளு மறந்துட்டாரு போல. இனிமே இவரு புக்கைத் தொட மாட்டேன்."

"அடுத்த புக்குல சொல்லுவாருடி. அது ஒண்ணு மட்டும் வாங்கிப் பாரு."

அந்த அக்கா நன்றாக இருக்கட்டும். அச்சகத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த அடுத்த நாவல் என் மடியில் இருந்தது. பாதாள லோக இளவரசியின் கதை. பேனாவை எடுத்தேன். பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் இளவரசிக்குச் செவ்வாயிலிருந்து ஒரு குளோனிங் அண்ணன் வந்து சேர்ந்தான். வந்ததும் டீ கேட்டான்.